செலவு என்னோடது!

ஒருத்தரைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவரோடு சேர்ந்து ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், போதும். பத்து வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தும் தெரியாத சங்கதிகளெல்லாம் பத்தே நாளில் தெரிந்துவிடும். காலையில் யார் முதலில் எழுந்திருப்பது, எங்கே சாப்பிடுவது, கோட்டையைப் பார்ப்பதா கடைத்தெருவைப் பார்ப்பதா... நட்பு பல்லை இளிக்க இது போதாதா?

ஒரு வாரத்துக்கே இந்தக் கதி. இரண்டு வருடம் என்றால்? அதுவும் ஒரே குதிரை வண்டியில்? அதுவும் மொத்தச் செலவும் ஒருத்தருடையது, இன்னொருத்தர் சும்மா கூட வருகிறார் என்றால்?

1739-ம் ஆண்டு மார்ச் 29. இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் இரண்டு இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். ஒருத்தர் ஹொரேஸ் வால்போல். வயது இருபத்தொன்று. அப்பா? சர் ராபர்ட் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதம மந்திரி என்று சரித்திரம் சொல்கிறதே, அதே ஆசாமிதான். இன்னொருத்தர் தாமஸ் கிரே. வயது இருபத்திரண்டு. அம்மா, லண்டனில் தன் சகோதரியோடு சேர்ந்து பெண்களுக்கான தொப்பியும் துணிமணியும் விற்கிற கடை வைத்திருந்தவர்.

பிரதமர் மகனுக்கும் தொப்பிக் கடைக்காரம்மா மகனுக்கும் எப்படி ஒட்டியது? பள்ளிக்கூடம்தான். ஈட்டன். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். கிரேயின் தாய்மாமன்கள் அங்கே வாத்தியார்களாக இருந்ததால் பையனுக்கு இடம் கிடைத்தது. அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. மனைவியைப் போட்டு அடிக்கிற மனிதர். பன்னிரண்டு குழந்தைகள் பிறந்து, பதினொன்று சின்ன வயதிலேயே போய்விட, மிஞ்சியது தாமஸ் ஒருத்தர்தான். 1735-ல் அந்த அம்மாள் ஒரு வக்கீலிடம் போய் யோசனை கேட்டார். பள்ளிக்கூடம், காலேஜ் என்று பையனுக்கான செலவை எல்லாம் கடை வருமானத்திலிருந்து தானேதான் பார்த்துக்கொள்வதாக அப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஈட்டனில் கிரே, வால்போல், ரிச்சர்ட் வெஸ்ட், தாமஸ் ஆஷ்டன் என்று நாலு பேர் ஒரு செட். விளையாட்டில் ஆர்வம் கிடையாது. புத்தகம், கவிதை, அரட்டை. தங்கள் கூட்டத்துக்கு 'நால்வர் கூட்டணி' என்று பெயர் வேறு வைத்துக்கொண்டார்கள். அரசர்கள் கூட்டணி போட்டுப் போர் செய்த காலம். பையன்கள் அதைக் கிண்டல் செய்து வைத்த பெயர்.

காலேஜ் முடிகிற நேரம். ஹொரேஸ் கிரேயைக் கூப்பிட்டார். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன், நீயும் வா. செலவு என்னோடது!

இந்தச் சுற்றுலாவுக்கு அந்தக் காலத்தில் 'கிராண்ட் டூர்' என்று பெயர். ரிச்சர்ட் லாசல்ஸ் என்ற பாதிரியாரின் இத்தாலிப் பயண நூல் 1670-ல் வந்தபோது, அதில் இருந்த பெயர் இது. பெரிய வீட்டுப் பிள்ளை படிப்பை முடித்ததும் பிரான்ஸ் போய் நடை உடை பாவனை கற்றுக்கொள்ள வேண்டும். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போய் ஓவியம், சிற்பம், பழைய ரோமாபுரியின் இடிபாடு எல்லாம் பார்க்க வேண்டும். திரும்பி வந்து, வாழ்நாள் பூராவும் அதைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே ஒரு வாத்தியாரையும் அனுப்புவார்கள். அந்த வாத்தியாருக்கு நக்கலாக 'கரடி ஓட்டுகிறவர்' என்று பெயர். கரடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹொரேஸ் வாத்தியார் யாரையும் அழைத்துப் போகவில்லை. அப்பா புண்ணியத்தில் அவருக்குச் சின்ன வயதிலேயே சில அரசாங்கப் பதவிகள் கிடைத்திருந்தன. வேலை செய்யத் தேவையில்லை, சம்பளம் மட்டும் வரும்! அந்தப் பணம்தான் இரண்டு பேருக்கும். இத்தனைக்கும் கிரேயைக் கையாளாக அவர் கூப்பிடவில்லை. சரிசமமான நண்பராகத்தான் கூப்பிட்டார். கிளம்புவதற்கு முன்னால், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொத்தெல்லாம் கிரேவுக்கு என்று ரகசியமாக உயில் எழுதி வைத்தார் என்றுகூட கிரேயின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மனசில் எந்தக் கள்ளமும் இல்லை.

சிக்கலே அங்கேதான். பணம் கொடுக்கிறவர் அதை மறந்துவிடலாம். வாங்கிக்கொள்கிறவரால் முடியுமா?

ஆரம்பமெல்லாம் அமர்க்களம். கடலைத் தாண்ட ஐந்து மணி நேரம். கிரே வாந்தி எடுத்தே களைத்துப் போனார். கரையேறியதும் அம்மாவுக்கு அதைக் கடிதமாக எழுதினார். பாரிசில் இரண்டு மாதம். நாடகம், ஆபரா, வெர்சாய் அரண்மனை. பிறகு பிரெஞ்சு பேசிப் பழகுவதற்காக ரெய்ம்ஸ் நகரத்தில் கோடைக்காலத்து மூன்று மாதங்கள். வால்போலின் தாயாருடைய சகோதரியின் மகன் ஹென்றி கான்வேயும் அங்கே கூட இருந்தார்.

ரெய்ம்ஸில் பொழுது போவது பெரும்பாடு. சீட்டாட்டம், பலகாரம், மறுபடி சீட்டாட்டம். ஒருநாள் சாயங்காலம் மட்டும் வித்தியாசம். தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருந்த கோஷ்டியில் யாரோ, சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்க, மரத்தடியில் நீரூற்றுக்குப் பக்கத்திலேயே பந்தி. அப்புறம் பாட்டு. அப்புறம் பிடில்காரர்களை வரவழைத்து ஆட்டம். விடியற்காலை நாலு மணிக்குத்தான் ஓய்ந்தார்கள். அப்போதும் வீட்டுக்குப் போகவில்லை. வாத்தியக்காரர்களை முன்னால் விட்டு, ஊரை எழுப்பிக்கொண்டே வண்டியில் ஒரு ரவுண்டு! லண்டனில் இருந்த நண்பர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் 'கிராண்ட் ஷார்த்ரூஸ்' என்ற மடத்தைப் பார்க்க மலையேறினார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, தலைக்கு மேலே தொங்குகிற பைன் மரங்கள். இன்னொரு பக்கம் அதலபாதாளம், அடியில் இரைச்சல் போட்டபடி ஓடுகிற ஆறு. கிரே அப்படியே சொக்கிப்போனார். இங்கே வந்தால் நாத்திகனும் கும்பிட்டுவிடுவான் என்கிற அர்த்தத்தில் ஊருக்கு எழுதினார்.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகளில் பெரும்பாலானோருக்கு மலை என்றால் எரிச்சல்தான். வழியை மறிக்கிற தொந்தரவு. மலையைப் பார்த்துக் கிறங்கி நிற்கிற வழக்கம் இலக்கியத்தில் பெரிதாக வந்ததே இதற்கு ஐம்பது அறுபது வருடம் கழித்துத்தான். கிரேயின் கடிதங்கள் அதற்கு முன்னோடிகள். இன்றைக்கு ஸ்விட்சர்லாந்துக்குப் போய் பனிமலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த ரசனைக்கு வழிகாட்டிய ஆரம்ப காலத்து ஆசாமிகளில் இவரும் ஒருவர்.

நவம்பர். இத்தாலிக்குள் நுழைய வேண்டும். நடுவில் ஆல்ப்ஸ். மோன் செனி கணவாய். வண்டியில் தாண்ட முடியாது. சக்கரம், அச்சு என்று வண்டியைத் தனித்தனியாகக் கழற்றி, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றுவார்கள். பயணிகளை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பு கட்டி, ஆட்கள் தூக்கிப் போவார்கள். கீழே பனி, பக்கத்தில் பள்ளம். தூக்குகிறவர்கள் ஆடுகள் மாதிரி பாறைக்குப் பாறை தாவுவார்கள். உள்ளே இருக்கிறவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

அந்தக் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது ஒரு துயரம்.

ஹொரேஸ் ஒரு நாய்க்குட்டி வைத்திருந்தார். கறுப்பு நிறம். கிங் சார்லஸ் ஸ்பானியல் என்கிற ஜாதி. கொழுகொழு என்று இருக்கும். பெயர் டோரி. இதில் ஒரு குசும்பு உண்டு. அப்பா ராபர்ட் வால்போல், விக் கட்சித் தலைவர். எதிர்க்கட்சியின் பெயர்தான் டோரி! எதிர்க்கட்சியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே ஊர் சுற்றினார் பிள்ளை.

மத்தியானம் இரண்டு மணி. நல்ல வெயில். குட்டி கொஞ்சம் நடக்கட்டும் என்று இறக்கிவிட்டார்கள். குதிரைகளுக்கு முன்னால் அது குடுகுடுவென்று ஓடியது. காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓநாய் பாய்ந்தது. குட்டியின் கழுத்தைக் கவ்வியது. செங்குத்தான பாறையில் ஏறி மறைந்துவிட்டது. வண்டிக்காரன் சாட்டையை வீசினான். பிரயோஜனமில்லை. பாதை குறுகல் என்பதால், பின்னால் வந்த வேலைக்காரர்களால் வண்டியைத் தாண்டி வந்து சுடவும் முடியவில்லை. நண்பன் வெஸ்ட்டுக்கு அன்று அவர் எழுதிய கடிதத்தை இப்போது படித்தாலும் மனசு என்னவோ செய்கிறது.

சரி, இத்தாலிக்கு வருவோம்.

டூரின், ஜெனோவா, பொலோன்யா என்று பார்த்துக்கொண்டே டிசம்பரில் ஃப்ளாரன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்தவர் ஹொரேஸ் மான். பிரதமரின் பிள்ளை வந்தால் கவனிப்புக்குக் கேட்கவா வேண்டும்? ஆர்னோ நதிக்கரையில் ஜாகை. தினசரி விருந்து. முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிற கார்னிவல்.

இங்கேதான் இரண்டு பேரின் பாதையும் பிரிய ஆரம்பித்தது. கிரே நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்தார். ஒவ்வொரு மாளிகையிலும் என்ன ஓவியம், யார் வரைந்தது, எந்தச் சிலை எந்தக் காலத்தது என்று பட்டியல் போட்டார். இனி ஒருமுறை இந்த ஊர்களைப் பார்க்கிற வசதி தனக்கு வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஹொரேஸுக்கு அந்தக் கவலை இல்லை. நாடகமும் நடனமும் விடிய விடிய. பகலில் தூக்கம்.

1740 மார்ச்சில் ரோம் போனார்கள். காரணம், பிப்ரவரியில் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் காலமாகிவிட்டார். புதிய போப்பின் முடிசூட்டு விழாவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கார்டினல்கள் கதவைச் சாத்திக்கொண்டு தேர்தல் நடத்தினார்கள், நடத்தினார்கள், நடத்திக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு மாதம்! ஆகஸ்ட்டில் பதினான்காம் பெனடிக்ட் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நம்மவர்கள் பொறுமை இழந்து ஃப்ளாரன்ஸுக்கே திரும்பியிருந்தார்கள்.

ரோமில் வேறு ஒரு சுவாரஸ்யம். பிரிட்டிஷ் சிம்மாசனம் தனக்குத்தான் சொந்தம் என்று உரிமை கொண்டாடிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட், தன் இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் அடைக்கலமாக இருந்தார். அவர் நாடு திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சர் ராபர்ட் வால்போலின் முழுநேரக் கவலை. அந்தக் குடும்பத்தை ஒரு விருந்தில் பிரதமரின் மகன் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றார்!

ஜூனில் நேப்பிள்ஸ். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை மூடிவிட்ட ஹெர்குலேனியம் நகரத்தை 1738-ல்தான் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பாம்பேய் தோண்டப்படுவதற்குப் பத்து வருடம் முன்னால். தரைக்கு அடியில் குடைந்த வழிகளில் இருவரும் நடந்தார்கள். ஒரு ஊரே அப்படியே புதைந்து கிடப்பதைப் பார்த்து அசந்துபோய் எழுதினார் ஹொரேஸ்.

மறுபடி ஃப்ளாரன்ஸ். அங்கே ஒன்பது மாதத்துக்கும் மேல். கிரேவுக்குப் பார்க்க எதுவும் பாக்கியில்லை. கிளம்பலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் வண்டி யாருடையது? பணம் யாருடையது? வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குப் பெயர்தான் நன்றி என்றால், அந்த நன்றி கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்துக்கொண்டே வரும் இல்லையா? இந்தப் பக்கம் ஹொரேஸுக்கும் எரிச்சல். எப்போது பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் சந்தோஷத்துக்குத் தீர்ப்பு எழுதுகிற வாத்தியார் மாதிரி ஒருத்தன். கரடி ஓட்டுகிறவர் வேண்டாம் என்றுதானே நண்பனை அழைத்து வந்தது?

1741 மே மாதம். வெனிஸ் போகிற வழியில் ரெஜியோ என்ற ஊர். அங்கே பெரிய சந்தை, ஆபரா எல்லாம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் வெடித்தது.

என்ன சண்டை? இருவருமே விவரமாக எழுதி வைக்கவில்லை. தன்னைப் பற்றி கிரே ஊருக்கு மோசமாக எழுதுகிறார் என்று சந்தேகப்பட்ட வால்போல், அவருடைய கடிதத்தை ரகசியமாகப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்தார் என்று பிற்பாடு ஒரு கதை உலவியது. நிரூபணம் கிடையாது. எது எப்படியோ, கிரே பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஜான் சூட் முதலான வேறு ஆங்கிலேய நண்பர்களோடு வெனிஸுக்குப் போய்விட்டார்.

ஹொரேஸ் ரெஜியோவிலேயே தங்கினார். தங்கியவருக்குத் தொண்டையில் சீழ்க்கட்டு வந்தது. பேச முடியவில்லை. சாவின் வாசல் வரை போய்விட்டார். அதே வழியாக வந்த ஜோசப் ஸ்பென்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பார்த்துப் பதறிப்போய், ஃப்ளாரன்ஸிலிருந்து டாக்டரை வரவழைத்தார். பிழைத்தார். இரண்டு வருடம் பிரியாமல் கூடவே இருந்த நண்பர் அந்த நேரம் பக்கத்தில் இல்லை.

கிரே கையில் இருந்ததை வைத்துச் சிக்கனமாக ஊர் திரும்பினார். ஆகஸ்ட்டில், போகிற வழியில், மறுபடியும் அந்த ஷார்த்ரூஸ் மடத்துக்கு ஏறினார். இந்த முறை நண்பர் இல்லாமல். மடத்தின் பார்வையாளர் புத்தகத்தில் லத்தீனில் ஒரு கவிதை எழுதி வைத்துவிட்டு இறங்கினார். அந்தப் புத்தகம் பிரெஞ்சுப் புரட்சிக் கலாட்டாவில் அழிந்துபோனது. கவிதை தப்பிவிட்டது.

ஊருக்கு வந்தால் வரிசையாக அடி. நவம்பரில் அப்பா இறந்தார். சொத்து பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த ஜூன் மாதம், நால்வர் கூட்டணியின் வெஸ்ட், இருபத்தைந்தே வயதில் செத்துப்போனார். ஹொரேஸ் வீட்டிலும் சறுக்கல். 1742 பிப்ரவரியில் அப்பா பதவி இழந்தார். 1745-ல் காலமும் ஆனார். இனி அவர் பிரதமரின் பிள்ளை இல்லை.

நாலரை வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. 1745 நவம்பரில் ஒரு பெண்மணி நடுவில் நின்று சமாதானம் செய்து வைத்தார். வேடிக்கையைப் பாருங்கள், ரோமில் இவர்கள் விருந்தில் பார்த்த அதே ஸ்டூவர்ட் இளவரசன் சார்லஸ், படையோடு இங்கிலாந்துக்குள் நுழைந்துகொண்டிருந்த மாதம் அது! நாட்டில் யுத்தம், நண்பர்களுக்குள் சமாதானம்.

பழைய ஒட்டுதல் உடனே வந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1747-ல் வால்போலின் செல்லப் பூனை, தங்கமீன் தொட்டிக்குள் விழுந்து செத்தது. கிரே அதற்கு ஒரு வேடிக்கையான இரங்கல் கவிதை எழுதிக் கொடுத்தார். ஓநாய் தூக்கிப்போன டோரிக்குப் பாட்டு இல்லை. பூனைக்குக் கொடுப்பினை!

1750-ல் கிரே இன்னொரு கவிதையை முடித்து ஹொரேஸுக்கு அனுப்பினார். ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில், பேரும் புகழும் இல்லாமல் புதைந்து கிடக்கிற ஏழைகளைப் பற்றியது. வாய்ப்புக் கிடைத்திருந்தால் இவர்களில் எத்தனை மேதைகள் இருந்திருப்பார்கள் என்று கேட்கிற கவிதை. தொப்பிக் கடை வருமானத்தில் படித்த பையன் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஹொரேஸ் பூரித்துப்போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினார். கையெழுத்துப் பிரதிகள் பரவின. ஒரு பத்திரிகை அனுமதி இல்லாமல் அச்சிடப் போவதாக 1751 பிப்ரவரியில் சேதி வந்தது. கிரே பதறி எழுதினார். ஹொரேஸ் டாட்ஸ்லி என்ற பதிப்பாளரைப் பிடித்து, முன்னுரையும் எழுதி, நாலைந்து நாளில் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். 128 வரி. விலை ஆறு பென்ஸ். அதுதான் நம் ஊர் ஆங்கில இலக்கிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் 'எலிஜி'. கிரே அதற்கு ஒரு பைசா வாங்கிக்கொள்ளவில்லை.

ஹொரேஸ் தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டைக் கோட்டை மாதிரி கட்டினார். 1764-ல் 'ஒட்ரான்டோ கோட்டை' என்று ஒரு மர்மக் கதை எழுதினார். பேய் பங்களா நாவல்களுக்கெல்லாம் அதுதான் கொள்ளுப்பாட்டி. வீட்டிலேயே ஒரு அச்சகமும் வைத்தார். 1757-ல் அதில் அச்சான முதல் புத்தகம் யாருடையது தெரியுமா? தாமஸ் கிரேயின் கவிதைகள்.

ஃப்ளாரன்ஸ் ஹொரேஸ் மான் என்ன ஆனார்? 1741-க்குப் பிறகு வால்போல் அவரைப் பார்க்கவே இல்லை. ஆனால் 1786-ல் மான் சாகிற வரை, நாற்பத்தைந்து வருடம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1754 ஜனவரியில் அப்படி எழுதிய ஒரு கடிதத்தில் வால்போல் புதிதாக ஒரு வார்த்தையை உண்டாக்கினார். 'செரண்டிபிட்டி'. தேடாத நல்லது தற்செயலாகக் கையில் வந்து விழுவது. செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவரைப் பற்றிய பழைய கதையிலிருந்து எடுத்தது. செரண்டிப் என்றால் இலங்கை! இத்தாலியில் கிடைத்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நம் பக்கத்து வீட்டின் பழைய பெயர் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1771 ஜூலை 30 அன்று கிரே இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்டோக் போஜஸ் கிராமத்தில், அம்மாவின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். வில்லியம் மேசன் என்ற நண்பர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார். அந்த ரெஜியோ சண்டையைப் பற்றி எழுதாமல் தாண்ட முடியாது. யாரைக் கேட்பது? உயிரோடு இருந்தது வால்போல் மட்டும்தான். என்ன சொன்னாலும் மறுத்துப் பேச எதிராளி இல்லை.

1773-ல் மேசனுக்கு வால்போல் பதில் எழுதினார். அப்போது எனக்குச் சின்ன வயது. என் கேளிக்கைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. பிரதமர் மகன் என்கிற திமிர் வேறு. எனக்குக் கீழே இருக்கிறவர் என்பதை நான் மனசில் வைத்திருந்தேன், அதைக் காட்டவும் செய்தேன். அவர் என் மேல் பிரியமாக இருந்தார், எனக்குத்தான் அது தெரியவில்லை. என் குறைகளை முகத்துக்கு நேராகச் சொன்னார், நான் கேட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. இந்த ரீதியில் போகிறது அந்தக் கடிதம். முப்பத்திரண்டு வருடம் கழித்து!

அதோடு விடவில்லை. சண்டைக்கு முக்கியக் காரணம் நான்தான் என்று புத்தகத்திலேயே போட்டுவிடுங்கள் என்றும் மேசனிடம் கேட்டுக்கொண்டார். 1775-ல் புத்தகம் வந்தது. இங்கிலாந்து முழுக்கப் படித்தது.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், செலவு என்னோடது என்று நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பியவர். கடைசியில், தப்பும் என்னோடது என்று அச்சிலேயே எழுதச் சொல்லிக் கணக்கை முடித்தார்.